நீர்மோர்ப் பந்தலும் நிர்வாகமும்

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பெரிய நிறுவனங்களில் ஊழியர்களுக்கு ஊக்கம் தருவது எது?' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. இந்த அரங்கில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள். கேட்டால், "மாசம் முப்பது தேதியானா சம்பளம் வருது, அதான் ஊக்கம்" என்பீர்கள். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை என்பதை நான் ஒரு தப்பு செய்து கற்றுக்கொண்டேன். அந்தத் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பல ஆயிரம் பேர் வேலை செய்யும் தொழிற்சாலை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சில வருஷங்களுக்கு முன்பு பராமரிப்புப் பிரிவில் பன்னிரண்டு பேருக்கு என்னை மேனேஜர் ஆக்கினார்கள். எனக்கு அப்போது முப்பது வயசுகூட முழுசாக ஆகவில்லை. என் கீழே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு என்னைவிட சர்வீஸ் அதிகம். வருஷா வருஷம் எல்லோருக்கும் ரேட்டிங் போட வேண்டும். அதில் ஒரு விதி: பன்னிரண்டு பேரில் ஒருத்தரையாவது கடைசித் தட்டில் வைத்தே ஆக வேண்டும். எல்லோரும் ஒழுங்காக வேலை செய்தாலும் சரி, ஒருத்தர் கடைசி. அவருக்கு அந்த வருஷம் இன்க்ரிமென்ட் கிடையாது.

நான் ஒரு சீனியரின் பெயரை எழுதினேன். ஐம்பதைத் தாண்டியவர். பத்து மணிக்கு வருவார், சொன்ன வேலையைச் செய்வார், சொல்லாத வேலையைத் தொட மாட்டார். மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டார். 'ஆர்வமில்லை' என்று காரணம் எழுதினேன். நிஜக் காரணத்தை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்: அவர் என்னோடு சண்டைக்கு வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். மற்ற பதினொரு பேரைப் பற்றி அந்த நிச்சயம் இல்லை.

ரேட்டிங்கை அனுப்பி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழா. எட்டாம் நாள் அறுபத்து மூவர். நாயன்மார்கள் பல்லக்குகளில் மாட வீதிகளைச் சுற்றி வரும் நாள். அன்றைக்கு அந்த நான்கு வீதிகளில் எத்தனை பேர் எத்தனை விதமான தானம் செய்கிறார்கள் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர், மோர், பானகம், தயிர் சாதம், விசிறி! வெயிலில் வாடிப்போய் ஒரு நீர்மோர்ப் பந்தலில் ஒதுங்கினேன்.

பந்தலை நடத்திக்கொண்டிருந்தவர் அவர்தான். நம்ம 'ஆர்வமில்லை' ஆசாமி.

நாலு பெரிய அண்டா. பையன்கள் மூன்று அணி, மாறி மாறி. குடித்துவிட்டுப் போகிறவர்கள் வாங்க வருகிறவர்கள் மேல் இடித்துக்கொள்ளாமல் ஒரு பக்கம் வரவும் மறுபக்கம் போகவும் கயிறு கட்டியிருந்தார். காலி டம்ளர் போட பத்தடிக்கு ஒரு டிரம். பல்லக்கு எந்த முனையில் நிற்கும், அங்கே கூட்டம் எவ்வளவு நேரம் தேங்கும் என்று கணக்குப் போட்டு, அந்த முனைக்கு முன்கூட்டியே இரண்டு குடம் அனுப்பி வைத்திருந்தார். எந்த அண்டாவும் காலியாகி நான் பார்க்கவில்லை. புரொடக்ஷன் பிளானிங் என்று நம் கல்லூரியில் ஒரு பாடம் உண்டே, அதை அன்று வீதியில் நின்று நேரில் பார்த்தேன்.

என்னைப் பார்த்தார். தொழிற்சாலையில் எப்போதும் 'சார்' என்று அழைக்கிறவர், "வாங்க தம்பி, முதல்ல ஒரு டம்ளர் குடிங்க" என்றார். குடித்தேன். உள்ளே இறங்கவில்லை. இந்த மனிதருக்கு இந்த வருஷம் இன்க்ரிமென்ட் கிடையாது என்று எழுதிக் கொடுத்தது நான். அது இன்னும் அவருக்குத் தெரியாது.

"இவ்வளவு பிரமாதமா நடத்துறீங்களே" என்றேன். அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார்: "இங்க நான் ஒண்ணு சொன்னா, சரியா தப்பான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடுது தம்பி."

நண்பர்களே, அந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ள நான் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. படித்ததில் உங்களுக்கு உபயோகமானதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர், பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் 203 பேரைச் சந்தித்துக் கேள்வி கேட்டார். அத்தனை பேரும் இன்ஜினியர்கள், கணக்கர்கள். அதாவது நம்ம ஜாதி! கேள்வி எளிமையானது: உங்கள் வேலையில் நீங்கள் மிகவும் மகிழ்ந்த சமயம் எது? மிகவும் வெறுத்த சமயம் எது? 1959ல் அந்த ஆய்வு புத்தகமாக வந்தது. வெறுத்த சமயங்களைச் சொன்னவர்கள் கம்பெனி விதிகள், மேலதிகாரியின் போக்கு, சம்பளம், வேலை செய்யும் சூழ்நிலை இவற்றைப் பற்றிச் சொன்னார்கள். மகிழ்ந்த சமயங்களைச் சொன்னவர்கள் வேறு ஒரு பட்டியலே கொடுத்தார்கள்: ஒரு காரியத்தைச் சாதித்தது, அதைப் பிறர் அறிந்துகொண்டது, வேலையின் சுவை, பொறுப்பு, வளர்ச்சி.

ஹெர்ஸ்பெர்க் சொன்னது இதுதான். முதல் பட்டியல் சரியாக இருந்தால் மனிதன் முணுமுணுக்க மாட்டான். அதற்காகத் துள்ளிக் குதிக்கவும் மாட்டான். துள்ள வைப்பது இரண்டாவது பட்டியல். ஆராய்ச்சி முறையைப் பற்றிப் பிற்பாடு பலர் குறை சொன்னார்கள். நல்லது நடந்தால் 'நான் செய்தேன்' என்பதும், கெட்டது நடந்தால் 'கம்பெனி செய்தது' என்பதும் மனித சுபாவம்தானே என்றார்கள். நியாயமான கேள்வி. இருந்தாலும் அந்த இரண்டு பட்டியல்களும் நம் ஊரை அளக்க நல்ல அளவுகோல் என்று எனக்குப் படுகிறது.

முதல் பட்டியலை யாரும் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குத் தீபாவளி ஜவுளி எடுக்கப் போகாதவர்கள் இங்கே இருக்க முடியாது. நாம் ஸ்டூலில் உட்கார்ந்து நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்கிறோம். பிரித்துக் காட்டும் பெண் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கிறாள். இந்த ஜவுளிக் கடை வாழ்க்கையை வைத்து 2010ல் வசந்தபாலன் 'அங்காடித் தெரு' படம் எடுத்தார். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது எப்போது தெரியுமா? கேரளத்தில் 2018ல். அங்கே கோழிக்கோட்டுப் பெண்கள் போராடி வாங்கினார்கள். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில். 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அதாவது ஒரு நாற்காலி சட்டப் புத்தகத்துக்குள் வர 74 வருஷம் ஆகியிருக்கிறது.

இன்னும் பின்னால் போனால், 1918 ஏப்ரலில் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளிகளுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. தலைவராக வந்தவர் இங்கே அடையாறு தியாசாபிகல் சொசைட்டியைச் சேர்ந்த பி.பி.வாடியா. தொழிலாளிகள் சொன்ன குறைகளில் முக்கியமானது, மதியம் சாப்பிட நேரம் போதவில்லை என்பது. கையைக் கழுவி, பாத்திரத்தைத் திறந்து, நிம்மதியாக நாலு கவளம் சாப்பிட நேரம் வேண்டும் என்று கேட்கவே ஒரு சங்கம் வேண்டியிருந்தது.

ஆகவே உட்கார இடமும் சாப்பிட நேரமும் நியாயமான சம்பளமும் தராமல் 'மோட்டிவேஷன்' வகுப்பு எடுப்பது, பசித்தவனுக்குப் பாட்டுக் கச்சேரி வைப்பது போல. முதலில் முதல் பட்டியல். அதில் சமரசம் கிடையாது.

ஆனால் என் சீனியருக்கு நாற்காலி இருந்தது. கான்டீன் இருந்தது. சம்பளமும் மோசமில்லை. அப்புறம் ஏன் அவர் அங்கே உறங்கி இங்கே விழித்தார்? இதற்கு இரண்டாவது பட்டியலுக்குப் போக வேண்டும். அதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது.

பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கி வைத்த ரயில்பெட்டித் தொழிற்சாலை. அரசாங்க இடம், சம்பளம் பே கமிஷன் சொல்வது. தனியார் கம்பெனி மாதிரி, நன்றாக உழைக்கிறவருக்கு இரட்டைச் சம்பளம் போட ஜெனரல் மேனேஜரால் முடியாது. 2016ல் அங்கே ஜெனரல் மேனேஜராக வந்தவர் சுதான்ஷு மணி. எஞ்சின் தனியாக இல்லாமல், பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார் வைத்து, மணிக்கு 160 கிலோமீட்டர் ஓடும் 16 பெட்டி ரயிலை நாமே வடிவமைப்போம் என்று முடிவெடுத்தார்கள். ஏறக்குறைய 18 மாதத்தில், சுமார் 100 கோடி ரூபாயில், 2018 அக்டோபர் 29 அன்று வண்டி வெளியே வந்தது. வருஷத்தை வைத்து 'டிரெயின் 18' என்று பெயர். சோதனை ஓட்டத்தில் 180 கிலோமீட்டரைத் தொட்டது. 2019 பிப்ரவரி 15 அன்று தில்லிக்கும் வாராணசிக்கும் நடுவே 'வந்தே பாரத்' என்ற பெயரில் ஓடத் தொடங்கியது.

அதே ஷெட், பெரும்பாலும் அதே ஆட்கள், அதே சம்பளம். மாறியது என்ன? செய்ய வேண்டிய காரியம் ஒன்று கண்ணெதிரே நின்றது. அதற்கு ஒரு தேதி இருந்தது. 'வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கலாமே' என்றவர்களுக்குக் காட்ட வேண்டிய பதில் ஒன்று இருந்தது. வெல்டிங் வைத்தவருக்கும் வயரிங் செய்தவருக்கும், தான் செய்தது எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்தது. நீர்மோர்ப் பந்தலில் தெரிவது போல.

கதை அதோடு முடிந்திருந்தால் இந்தப் பேச்சு சுபமாக முடிந்திருக்கும். முடியவில்லை. வண்டி ஓடத் தொடங்கிய பின்னால், கொள்முதலில் முறைகேடு உண்டா என்று விஜிலன்ஸ் விசாரணை வந்தது. அதில் சிக்கிய அதிகாரிகள் மேல் தவறில்லை என்று பின்னர் முடிந்தது. நடுவில் காலம் போய்விட்டது. இரண்டாவது வண்டி 2019ல் வந்தது. அடுத்த தலைமுறை வண்டி வர 2022 ஆயிற்று. தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் சென்னையிலிருந்து மைசூருக்குக் கிளம்பியது 2022 நவம்பரில்தான். அரசாங்கப் பணத்துக்குக் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓடி ஜெயித்தவனுக்கு மாலைக்கு முன்னால் நோட்டீஸ் வந்தால், பக்கத்து மேஜைக்காரர் என்ன பாடம் கற்றுக்கொள்வார்? 'நமக்கேன் வம்பு' என்பதைத்தான். பெரிய நிறுவனத்தில் ஊக்கம் சாவது பெரும்பாலும் சோம்பலால் இல்லை. பார்த்துப் பயந்து சாகிறது.

இன்னொரு உதாரணம், அகமதாபாத் காலிகோ மில். 1953ல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே.ரைஸ் அங்கே வந்தார். புதிய தானியங்கித் தறிகள் போட்டும் உற்பத்தி எதிர்பார்த்த அளவு இல்லை. பார்த்தால், ஒருவர் நெய்வார், ஒருவர் அறுந்த நூலை மட்டும் கட்டுவார், ஒருவர் எண்ணெய் மட்டும் விடுவார். எல்லோருக்கும் வேலை உண்டு. 'இது எங்க தறி' என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. தறிகளைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியையும் ஒரு சிறு குழுவிடம் விடலாம் என்று யோசனை சொன்னார்கள். தொழிலாளிகளே கூடிப் பேசிக் குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி கூடியது, பழுது குறைந்தது. சுமார் 17 வருஷம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, ஒரு ஷெட்டில் அந்த முறை நிலைத்திருந்தது. தானியங்கித் தறி ஷெட்களில் பெரும்பாலும் பழைய முறையே திரும்பியிருந்தது. ஆகவே ஊக்கம் ஒரு தடவை நட்டுவிட்டால் தானாக வளரும் மரம் என்று எண்ண வேண்டாம். தினம் தண்ணீர் ஊற்ற வேண்டிய துளசி மாடம்.

வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். தகுந்தவனைத் தேர்ந்தெடு, அப்புறம் அவனிடம் வேலையை விட்டுவிடு என்பது அதன் சாரம். நாம் முதல் பாதியை இன்டர்வியூவில் செய்துவிடுகிறோம். இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறோம்.

ரேட்டிங் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். டெமிங் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் பெயரால் ஜப்பானில் தரும் தரப் பரிசை 1998ல் வாங்கிய முதல் இந்திய நிறுவனம் நம் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. அந்த டெமிங் தன் பதினான்கு அம்சங்களில் பன்னிரண்டாவதாகச் சொன்னது, தன் வேலையைப் பற்றி ஒருவன் பெருமைப்படுவதைத் தடுக்கும் சுவர்களை இடியுங்கள் என்பது. வருஷாந்தர ரேட்டிங்கையும் அந்தச் சுவர்களில் ஒன்றாகவே அவர் எண்ணினார். குறைகளில் பெரும்பங்கு அமைப்பின் மேல். ஆட்களை வரிசைப்படுத்துவதால் அது தீராது என்பது அவர் கட்சி.

சரி, என் சீனியருக்கு வருகிறேன்.

அறுபத்து மூவர் முடிந்த திங்கட்கிழமை பெர்சனல் டிபார்ட்மென்டுக்கு ஓடினேன். ரேட்டிங்கை மாற்ற வேண்டும் என்றேன். "லிஸ்ட் மேல போயாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள். ஏப்ரலில் அவருக்குக் கடிதம் போயிற்று. நான் எதிர்பார்த்த மாதிரியே அவர் சண்டை போடவில்லை. சாயந்திரம் என் அறைக்கு வந்து, மறுபடி 'சார்' என்று ஆரம்பித்தார்.

"சார், இன்க்ரிமென்ட் போனா போகுது. பொண்ணு காலேஜ் ஃபீஸுக்குக் கொஞ்சம் கஷ்டம், சமாளிச்சுக்கலாம். ஆர்வமில்லைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது மட்டும் வேண்டாம். ஆலோசனைப் பெட்டியில நான் போட்ட தாளையெல்லாம் ஒரு தடவை எடுத்துப் பாருங்க."

தேடினேன். ஒரு பழைய ஃபைலில் ஆறு தாள் இருந்தது. கடைசித் தாளே நான் வருவதற்கு முந்தைய வருஷத்தது. ஒன்றுக்கும் பதில் எழுதப்படவில்லை. பெற்றுக்கொண்டோம் என்றுகூட இல்லை.

ஒரு தாளை மட்டும் சொல்கிறேன். மழைக்காலம் வந்தால் எங்கள் லைனில் நியூமேடிக் சிலிண்டர்கள் மக்கர் பண்ணும். காற்றுக் குழாயில் ஈரம் சேர்ந்து தண்ணீர் உள்ளே போய்விடும். நான் பெரிய விலையில் புது ஏர் டிரையர் வாங்க வேண்டும் என்று நோட் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் தாளில் கையால் படம் போட்டிருந்தார்: குழாய் எந்த இடத்தில் தொய்ந்து தாழ்கிறது, அங்கே ஒரு டிரெயின் வால்வு, தினம் ஷிஃப்ட் ஆரம்பத்தில் யார் திறந்துவிட வேண்டும். சில ஆயிரம் ரூபாய் சமாசாரம். மேனேஜருக்குத் தெரியாதது, தினமும் குழாய்க்கு அடியில் நடக்கிறவருக்குத் தெரிந்திருந்தது.

ஆறு தாளுக்கும் உட்கார்ந்து பதில் எழுதினேன். இரண்டைச் செய்தோம்; டிரெயின் வால்வு அதில் ஒன்று. அந்த ஐப்பசி கார்த்திகையில் லைன் நின்ற நேரம் கண்கூடாகக் குறைந்தது. மூன்றைச் செய்ய முடியாது. ஏன் முடியாது என்று காரணம் எழுதினேன். ஒன்று இன்னும் மேலிடத்தில் இருக்கிறது. அவர் எதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் படித்தார் தெரியுமா? முடியாது என்று எழுதிய மூன்றை. "இது சரி சார். இந்த லோடு நான் கணக்குல எடுக்கல" என்றார். மறு வாரம் ஏழாவது தாள் வந்தது.

இதை வெற்றிக் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்குப் போன இன்க்ரிமென்ட் போனதுதான். அடுத்தடுத்த வருஷ உயர்வுகளெல்லாம் அந்தக் குறைந்த அடித்தளத்தின் மேல்தான் ஏறின. அடுத்த வருஷம், கடைசித் தட்டுக்கு யார் பெயரையும் நான் எழுத மாட்டேன் என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்தேன். மேலிடத்தில் அவர்களாகவே ஒரு பெயரைப் போட்டார்கள். அந்த விதி இன்னும் இருக்கிறது. நானும் ஒவ்வொரு வருஷமும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் இன்னும் கொஞ்ச நாளில் ரிட்டயர் ஆகப் போகிறார். இப்போது இரண்டு அப்ரென்டிஸ் பையன்களை மழைக்காலத்துக்கு முன்னால் குழாய் வழியே நடத்திக் கூட்டிப்போகிறார். யாரும் சொல்லி அல்ல.

முடிக்கும் முன், இங்கே மேனேஜராக இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலை உங்கள் மேஜையில் பதில் எழுதாத தாள் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். 'முடியாது' என்றாலும் பரவாயில்லை, எழுதிவிடுங்கள். காரணத்தோடு வரும் மறுப்பை மனிதன் தாங்குவான். மௌனத்தைத் தாங்க மாட்டான். உங்களில் ரேட்டிங் போடுகிறவர்கள், சண்டைக்கு வராதவர் பெயரை எழுதும் முன் ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வையுங்கள்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு உட்காரப் போகிறீர்கள். பேக்கேஜ் எவ்வளவு என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், அது முதல் பட்டியல். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "நான் செய்யும் வேலை சரியா தப்பா என்று எனக்கு எப்போது, யார் சொல்வார்கள்?" பதில் சொல்லத் திணறினால், அந்த இடம் எத்தனை மாடிக் கட்டிடமாக இருந்தாலும் கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்த பங்குனியில் மயிலாப்பூர் வாருங்கள். பந்தலில் நானும் ஒரு அண்டாவுக்குப் பொறுப்பு. போன தடவை என் அண்டாவில் உப்பு தூக்கலாக இருந்தது. ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார்!